நூல் நூற்கும் பெண்கள்: ஸ்பானிய ஓவியத்தை இரசிக்க ஒரு வாசல்

நேயர்களே, கண்ணுக்குரிய ஒன்றைக் காதுக்குச் சொல்ல வேண்டிய சங்கடம் இன்று எனக்கு. கவிதையைப் பற்றியோ நாவலைப் பற்றியோ பேசும்போது இடையிடையே ஒரு பகுதியை வாசித்துக் காட்டிவிடலாம். ஓவியத்தை எப்படி வாசித்துக் காட்டுவது? இந்த உரை பத்திரிகையில் அச்சாகும்போதும் நிலைமை பெரிதாக மாறிவிடாது. கறுப்பு வெள்ளையில், உள்ளங்கையளவு படம் ஒன்று பக்கத்தில் வந்தால் அதுவே பெரிய காரியம். ஆயினும் முயன்று பார்க்கிறேன். குறையை உங்கள் கற்பனை நிரப்பட்டும்.

ஐரோப்பாவின் பழைய ஓவியங்களுக்கு முன்னால் இலக்கிய இரசனை மிக்க எமது நண்பர்கள் இரண்டு விதமாகத் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். ஒரு சாரார், "அச்சொட்டாக அப்படியே கீறியிருக்கிறான்" என்று வியந்து அத்துடன் நிறுத்திக்கொள்வார்கள். மற்றவர்கள், "இதன் உட்பொருள் என்ன?" என்று கேட்டு, விடை கிடைக்காவிட்டால் ஒதுங்கிவிடுவார்கள். இரண்டும் பிழையென்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொரு வாசலும் உண்டு. படத்திலே இருக்கும் பொருள்களைப் பாருங்கள். துணி, பானை, விரிப்பு, ஓடு. அவற்றை யார் செய்தார்கள், அவர்களுக்கு என்ன மதிப்பு இருந்தது என்று கேளுங்கள். ஸ்பெயின் நாட்டு ஓவியத்தைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி எங்கெங்கோ கொண்டுபோய் விடுகிறது. என்னைக் கொண்டுபோன வழியையே இன்று சொல்லப்போகிறேன்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். வரைந்தவர் டியேகோ வெலாஸ்கெஸ். 1599இல் செவில் நகரில் பிறந்து, ஸ்பானிய மன்னர் நான்காம் பிலிப்பின் அரண்மனை ஓவியராக மட்ரிட்டில் வாழ்ந்து, 1660இல் மறைந்தவர். படத்தின் பெயர் 'நூல் நூற்கும் பெண்கள்'. 1655க்கும் 1660க்கும் இடையில் வரையப்பட்டதென்று கொள்ளப்படுகிறது. இப்போது மட்ரிட்டிலுள்ள பிராடோ நூதனசாலையில் இருக்கிறது. நான் அங்கு சென்றதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகங்களில் வந்த அச்சுப் பிரதிகள்தாம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மங்கலான ஓர் அறை. அதிலே ஐந்து பெண்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். இடப்பக்கத்தில், தலையிலே வெள்ளைத் துணி கட்டிய முதியவள் ஒருத்தி இராட்டினத்தின் முன் அமர்ந்திருக்கிறாள். அவளருகே ஒருத்தி சிவப்புத் திரையொன்றை விலக்கியபடி அவளிடம் ஏதோ சொல்லக் குனிகிறாள். நடுவிலே நிலத்தோடு குனிந்து கம்பளி மயிரைச் சிக்கெடுக்கும் பெண்ணின் முகம் நிழலில் கரைந்துபோயிருக்கிறது. கண், மூக்கு, வாய் என்று எதுவுமே தெளிவாக இல்லை. வலப்பக்கத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி அமர்ந்து நூலைச் சுற்றுகிறாள் ஓர் இளம்பெண். வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டிருக்கிறாள். நீட்டிய அந்தக் கையிலே வெளிச்சம் விழுகிறது. படத்தின் ஓரத்தில் இன்னொருத்தி கூடையோடு நிற்கிறாள். கீழே, கம்பளிக் குவியல்களுக்கு நடுவில் பூனையொன்று.

இராட்டினத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் சில்லுக்கு ஆரங்களே இல்லை. உண்மையில் இருக்கின்றன, தெரியவில்லை. சில்லு அவ்வளவு வேகமாகச் சுழல்கிறது. ஆரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய ஒளி வளையம் மட்டும் தெரிகிறது. புகைப்படக் கருவி கண்டுபிடிக்கப்படுவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, அசைவைக் கண் எப்படிக் காண்கிறதோ அப்படியே ஒருவர் வரைந்துவிட்டார். சில்லைக் கீறத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். சுழற்சியைக் கீறியவர் இவர்.

இந்த அறைக்குப் பின்னால், இரண்டு படி உயரத்தில், வெளிச்சம் நிறைந்த சிறு மண்டபம் ஒன்று தெரிகிறது. அங்கே பட்டாடை உடுத்த சீமாட்டிகள் நிற்கிறார்கள். ஒருத்தி திரும்பி எங்களையே பார்க்கிறாள். சுவரிலே பெரிய சித்திரச் சீலை தொங்குகிறது. சாயமிட்ட கம்பளி நூலாலும் பட்டு நூலாலும் உருவங்களைத் தறியிலேயே நெய்து எடுக்கும் அந்தச் சீலையை ஆங்கிலத்தில் டப்பெஸ்ட்ரி என்பார்கள். துணியின் மேல் தைக்கும் பூவேலை வேறு, இது வேறு. இதில் துணியே சித்திரம். அந்தச் சீலைக்கு முன்னால் தலைக்கவசம் அணிந்த ஓர் உருவம் கையை ஓங்கி நிற்கிறது. அதன் எதிரே ஒரு பெண். பக்கத்தில் நாற்காலியொன்றில் பெரிய நரம்பு வாத்தியம் ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

நான் முதன்முதலில் இந்தப் படத்தைப் பார்த்த புத்தகத்தில், மட்ரிட் நகரத்துச் சீலை நெசவுக்கூடம் ஒன்றின் காட்சி என்று கீழே எழுதியிருந்தார்கள். நானும் நம்பினேன். அரண்மனை ஓவியர் ஒருவர் தொழிலாளப் பெண்களைப் பெரிதாக முன்னே வைத்து, சீமாட்டிகளைச் சிறிதாகப் பின்னே வைத்துவிட்டார் பாருங்கள் என்று ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேசிக் கைதட்டலும் வாங்கினேன். பிறகுதான் தெரிந்தது, நான் பாதிப் படத்தைத்தான் பார்த்திருக்கிறேன் என்று. இதில் எனக்கு ஓர் ஆறுதல். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக ஐரோப்பியர்களும் அவ்வாறே நம்பியிருந்தார்கள்.

உண்மை வெளிவந்தது 1948இல். அரண்மனையில் வேட்டை அலுவலராக இருந்த பெத்ரோ தெ ஆர்சே என்பவரின் உடைமைப் பட்டியல் ஒன்றை மரியா லூயிசா கத்தூர்லா என்ற ஆய்வாளர் பழைய ஆவணங்களிடையே கண்டெடுத்தார். 1664இல் எழுதப்பட்ட பட்டியல் அது. அதில் வெலாஸ்கெஸ் வரைந்த 'அரக்னேயின் கதை' என்றொரு படம் குறிக்கப்பட்டிருந்தது. அதே காலத்தில், டியேகோ அங்குலோ என்ற கலை வரலாற்றாசிரியர் படத்தை மட்டுமே ஆராய்ந்து, பின் மண்டபத்தில் நடப்பது அரக்னேயின் கதைதான் என்ற முடிவுக்கு வந்திருந்தார். நெசவுக்கூடம் புராணமாகிவிட்டது.

கதை உரோமக் கவிஞர் ஒவிட்டின் 'உருமாற்றங்கள்' என்ற காவியத்தின் ஆறாம் பாகத்தில் வருகிறது. அரக்னே லிடியா நாட்டுப் பெண். தகப்பன் கம்பளிக்குச் சாயம் தோய்ப்பவன். குலமும் இல்லை, செல்வமும் இல்லை. கையிலே வித்தை மட்டும் உண்டு. அவள் நெய்வதைப் பார்க்கக் காடுகளிலும் ஆறுகளிலும் வாழும் தேவகன்னியர்கூட வந்து நிற்பார்களாம். இந்த வித்தையை மினேர்வா தேவியிடந்தானே கற்றாய் என்று கேட்டால், "இல்லை, வேண்டுமானால் அவள் என்னோடு போட்டிக்கு வரட்டும்" என்பாள். தேவி கிழவி வேடத்தில் வந்து புத்தி சொன்னாள். அரக்னே கேட்கவில்லை. வேடம் கலைந்தது, இருவருக்கும் தறி போடப்பட்டது. தேவி நெய்தது தெய்வங்களின் மாட்சியையும் அவர்களை எதிர்த்த மனிதருக்கு நேர்ந்த கதியையும். அரக்னே நெய்ததோ தெய்வங்கள் பெண்களை ஏமாற்றிய கதைகளை. காளை உருவெடுத்து யூரோப்பா என்ற இளம்பெண்ணைக் கடல் கடந்து தூக்கிச் சென்ற யூப்பித்தரின் கதை அதில் முதலாவது. அந்த வேலையில் மினேர்வாவால் ஒரு குற்றமும் காண முடியவில்லை. குற்றம் காண முடியாத கோபத்தில் சீலையைக் கிழித்தாள். தறியின் நாடாவினால் அரக்னேயின் நெற்றியில் அடித்தாள். அவமானம் தாளாமல் அரக்னே கழுத்தில் சுருக்கிட்டுக்கொண்டாள். அப்போதுதான் தேவி இரங்கினாள். இரங்கி அவளைச் சிலந்தியாக்கினாள். அவள் இன்னும் நெய்துகொண்டேயிருக்கிறாள்.

இனிப் படத்துக்குத் திரும்புவோம். தலைக்கவசம் அணிந்து கையை ஓங்குபவள் மினேர்வா. எதிரே நிற்பவள் அரக்னே. பின்னால் தொங்கும் சீலையிலே வானத்தில் சின்னஞ்சிறு காமன்கள் பறக்கிறார்கள். காளையின் மேல் ஒரு பெண் மல்லாந்து கிடக்கிறாள். அது யூரோப்பாவின் கதை. ஆனால் வெறும் யூரோப்பா அல்ல. வெனிஸ் நகர ஓவிய மேதை டிசியன், இரண்டாம் பிலிப் மன்னருக்காக 1560களின் தொடக்கத்தில் வரைந்து அனுப்பிய யூரோப்பா ஓவியத்தின் நெய்த வடிவம் அது. அந்த மூலப்படம் அக்காலத்தில் மட்ரிட் அரண்மனையிலேயே இருந்தது. இப்போது அமெரிக்காவில் பொஸ்டன் நகரில் இருக்கிறது. 1628-29இல் மட்ரிட்டுக்கு வந்த ரூபன்ஸ் அதைப் பார்த்துப் பிரதி செய்தார். ரூபன்ஸுடன் பழகிய இளம் வெலாஸ்கெஸுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. ஆக, ஒவிட் சொன்னதை டிசியன் வரைந்தார், டிசியனை ரூபன்ஸ் பிரதி செய்தார், வெலாஸ்கெஸ் அதை அரக்னேயின் தறியில் ஏற்றிவிட்டார். சாயக்காரன் மகளின் கைவேலையும் ஐரோப்பாவின் தலைசிறந்த ஓவியரின் படைப்பும் ஒன்றே என்றாகிறது. இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு நெசவுக்காரிக்கு எந்த ஓவியரும் செய்ததாக நான் அறியேன்.

அப்படியானால் முன்னறையில் இருப்பவர்கள் யார்? அறிஞர்களிடையே இன்னும் வாதம் ஓயவில்லை. இராட்டினத்துக் கிழவியின் கால் முழங்கால்வரை வெளியே தெரிகிறது. அது கிழவியின் கால் அல்ல, இளமையான கால். ஆகவே அவளே வேடமிட்ட மினேர்வா என்றும், முதுகைக் காட்டியிருப்பவளே அரக்னே என்றும் சிலர் கொள்கிறார்கள். வேறு சிலருக்கு அவர்கள் வெறும் தொழிலாளப் பெண்களே. எனக்கு இரண்டிலும் ஒன்றை விட்டுக்கொடுக்க மனமில்லை. தேவியாகவே இருக்கட்டும். வந்த இடத்தில் அவளும் உட்கார்ந்து நூல் நூற்கிறாளே!

வெலாஸ்கெஸுக்குக் கைவேலையின் மதிப்பு ஏன் இவ்வளவு முக்கியமாகப் பட்டது என்பதை அறிய அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அன்றைய ஸ்பெயினில் ஓவியம் ஒரு கைத்தொழில். தச்சனும் தட்டானும் போலவே ஓவியனும் கருதப்பட்டான். விற்ற படத்துக்கு விற்பனை வரி கட்ட வேண்டும். இதை எதிர்த்து ஓவியர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். டொலேடோவில் வாழ்ந்த எல் கிரேக்கோ, இல்லெஸ்காஸ் என்ற ஊரின் வரி அறவிடுவோருடன் வழக்காடி வென்றவர். 1633இல் கர்துச்சோ என்ற ஓவியர் வெளியிட்ட நூலில், ஓவியம் அறிவுத்துறை சார்ந்த உயர்கலை என்று சான்றளித்தவர்களில் லோப்பே தெ வேகா என்ற பெருங்கவிஞரும் ஒருவர். ஓவியர்களுக்காக ஒரு கவிஞர் சாட்சி சொன்ன செய்தி இலக்கியக்காரரான எமக்குச் சற்றுப் பெருமை தருவது.

வெலாஸ்கெஸ் இன்னும் மேலே போக விரும்பினார். சந்தியாகோ என்ற வீரர் குழாத்தில் உறுப்பினராகி, நெஞ்சிலே சிவப்புச் சிலுவை தரிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1658இல் மன்னர் அவருடைய பெயரை முன்மொழிந்தார். ஆனால் அந்தக் குழாத்தின் விதிகள் கடுமையானவை. பிரபு குலத்தில் பிறந்திருக்க வேண்டும். முன்னோரில் யூதரோ முஸ்லிமோ இருக்கக்கூடாது. கைத்தொழில் செய்து பிழைத்திருக்கக்கூடாது. நூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். ஓவியர்களான சுர்பரானும் அலொன்சோ கானோவும்கூட வந்து சாட்சி சொன்னார்கள். என்ன சொன்னார்கள் தெரியுமா? வெலாஸ்கெஸ் கடை வைத்ததில்லை, படம் விற்றுப் பிழைத்ததில்லை, மன்னரின் விருப்பத்துக்காக மட்டுமே வரைந்தார் என்றார்கள். செவிலில் முறைப்படி தொழில் பழகித் தேர்வெழுதி ஓவியர் சங்கத்தில் சேர்ந்த ஒருவரைப் பற்றி, அதே தொழிலால் வாழ்ந்த நண்பர்கள் சொன்ன வார்த்தை இது! சுர்பரானின் தகப்பனார் ஒரு துணிக்கடைக்காரர் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். அப்படியும் பிரபு குலம் நிரூபணமாகவில்லை. பாப்பரசரின் விசேட அனுமதி பெற்று 1659 நவெம்பரில் சிலுவை கிடைத்தது. 1656இல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' என்ற புகழ்பெற்ற ஓவியத்தில் தூரிகையோடு நிற்கும் வெலாஸ்கெஸின் நெஞ்சில் நாம் காணும் சிவப்புச் சிலுவை பிறகு சேர்க்கப்பட்டது. மன்னரே தம் கையால் அதை வரைந்தாரென்று ஒரு கதையும் உண்டு.

இந்த மன்னரைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. 1580 முதல் 1640 வரை ஸ்பெயினும் போர்த்துக்கலும் ஒரே முடியின் கீழ் இருந்தன. 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமானபோது அந்த முடியைச் சூடியிருந்தவர் மூன்றாம் பிலிப். 1621இல் அவர் மகன் நான்காம் பிலிப்பின் தலைக்கு அது வந்தது. நீண்ட தாடையும் சோர்ந்த கண்களுமாக வெலாஸ்கெஸ் திரும்பத் திரும்ப வரைந்த அந்த முகத்துக்குரியவர், 1640 வரை போர்த்துக்கலின் பேரால் யாழ்ப்பாணத்துக்கும் அரசர். எங்கள் பாட்டன்மாருக்குப் பாட்டன்மார் அந்த முகத்தை ஒருநாளும் கண்டிருக்க மாட்டார்கள். வரி மட்டும் கட்டினார்கள்.

கைவேலைக்காரருக்கு மதிப்பில்லாவிட்டாலும் கைவேலைக்கு விலை இருந்தது. அக்காலத்து அரண்மனைகளில் விலையுயர்ந்த கலைப்பொருள் ஓவியம் அல்ல, சித்திரச் சீலையே. 1535இல் ஐந்தாம் சார்ள்ஸ் பேரரசர் டூனிஸ் நகரைக் கைப்பற்றச் சென்றபோது, வெர்மாயென் என்ற ஓவியரைக் கூடவே அழைத்துச் சென்றார். அவர் வரைந்த மாதிரிகளைக் கொண்டு பிரஸ்ஸல்ஸில் பன்னமாக்கர் என்ற நெசவுத் தலைவரின் கூடம் பொன், வெள்ளி இழைகள் சேர்த்துப் பன்னிரண்டு பெருஞ்சீலைகளை நெய்து 1554இல் முடித்தது. உரோமாபுரியின் சிஸ்டைன் தேவாலயத்துச் சீலைகளுக்கு மாதிரி வரைந்தவர் ரபாயேல். அவருக்குக் கிடைத்த கூலியைப் போலப் பல மடங்கு நெசவுக்குச் செலவானது. அந்த மாதிரிகளை இத்தாலியர் 'கார்ட்டோனே' என்றார்கள். பெரிய தாள் என்று பொருள். அதிலிருந்து பிறந்ததே கார்ட்டூன் என்ற சொல். 1843இல் லண்டன் 'பஞ்ச்' சஞ்சிகை, பாராளுமன்றச் சுவர்ச் சித்திரங்களுக்கான மாதிரிகளைக் கேலி செய்து படம் போட்டபோதுதான் அது இன்றைய கேலிச்சித்திரப் பொருளைப் பெற்றது. உங்கள் கையிலிருக்கும் பத்திரிகையில் அமைச்சரைக் கிண்டல் செய்யும் படத்துக்கும் நெசவுத் தறிக்கும் இப்படியொரு உறவு.

சீலையை விட்டுப் பானைக்கு வருவோம். பிளெமிஷ் ஓவியர் ஹியூகோ வான் டெர் கூஸ் 1475 அளவில் வரைந்த பலிபீட ஓவியமொன்று இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் இருக்கிறது. குழந்தை யேசு நிலத்தில் கிடக்கிறார். படத்தின் முன்னணியில், எங்கள் கைக்கெட்டும் தூரத்தில், லில்லி மலர்கள் வைத்த சாடியொன்று. மருந்துக்கடைக்காரர்கள் பயன்படுத்திய சாடி அது. வெள்ளைப் பூச்சின் மேல் இலைக்கொடி அலங்காரம். பார்த்தவுடனே அடையாளம் காணலாம், அது ஸ்பெயினின் வலென்சியாப் பகுதி வேலை. அங்கே மனிசெஸ் என்ற ஊர்க் குயவர்கள் செய்த பாண்டங்களை இத்தாலியப் பெருங்குடும்பங்கள் தம் குலச்சின்னம் பொறித்துத் தருமாறு சொல்லி வரவழைத்தன. அப்பாண்டங்களில் பொன் மினுங்கும். பொன் கிடையாது. முதலில் மண்பாண்டத்தைச் சுடுவார்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்த வெள்ளைப் பூச்சிட்டு மறுபடி சுடுவார்கள். வெள்ளி, செம்புச் சேர்மங்களால் கோலமிட்டு, காற்றைக் குறைத்துப் புகை மண்டவிட்டு மூன்றாவது தடவை சுடுவார்கள். புகை அந்த உலோகங்களை மெல்லிய படலமாகப் பிரித்துவிடும். துடைத்தால் பொன்னிறம். இந்த வித்தை முஸ்லிம் குயவர்களோடு ஸ்பெயினுக்கு வந்தது. அல்ஹம்பிரா மாளிகையின் சுவர் ஓடுகளையும் சுண்ணச் சித்திர வேலையையும் செய்தவர்கள் அவர்களுடைய இனத்தவர். சுவரோட்டுக்கு ஸ்பானியர் வழங்கும் 'அசுலேகோ' என்ற பெயர்கூட அரபுச் சொல்தான்.

கிரனாடா 1492இல் வீழ்ந்தது. பின்னர் அம்மக்கள் மதம் மாற்றப்பட்டார்கள். மாறியும் பயனில்லை. மொரிஸ்கோக்கள் எனப்பட்ட அவர்களை, 1609 முதல் 1614 வரை, ஏறத்தாழ மூன்று இலட்சம் பேரை, மூன்றாம் பிலிப் நாட்டைவிட்டே துரத்தினார். அதிகம் பேரை இழந்தது வலென்சியாதான். வீட்டையும் வயலையும் விட்டு, கையில் எடுக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு துறைமுகங்களுக்கு நடந்த அந்தக் கூட்டத்தை விபரிக்க எமது நாட்டு வாசகருக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை.

1627இல் நான்காம் பிலிப், தம் தந்தையின் இந்தச் 'சாதனை'யை வரையுமாறு அரண்மனை ஓவியர்களிடையே போட்டி வைத்தார். வென்றவர் இருபத்தெட்டு வயது வெலாஸ்கெஸ். அந்தப் படம் 1734இல் மட்ரிட் அரண்மனை எரிந்தபோது அழிந்துவிட்டது. கடலோரத்தில் அழுதுகொண்டு நின்ற மனிதரை அவர் எப்படி வரைந்திருப்பார்? செவில் தெருவில் தண்ணீர் விற்ற கிழவனையும், முட்டை பொரித்த கிழவியையும் இருபது வயதையொட்டி அத்தனை மரியாதையோடு வரைந்தவர் அவர். ஆனாலும் மன்னரின் வெற்றியைப் போற்ற வரைந்த படம் அது. அந்த இளைஞருக்காக வாதாட நான் முன்வரமாட்டேன். 'நூல் நூற்கும் பெண்க'ளை வரைந்த முதியவருக்காக வேண்டுமானால் வாதாடுவேன்.

நூறு ஆண்டு தாண்டி வருவோம். பிரான்சிஸ்கோ கோயா பிறந்தது 1746இல். தகப்பனார் மரவேலைக்குப் பொன்முலாம் பூசுபவர். கோயாவின் கொடூரமான பிற்காலப் படங்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அவர் 1775 முதல் 1792 வரை மட்ரிட்டின் அரச சீலைத் தொழிற்கூடத்துக்கு மாதிரிப் படங்கள் வரைந்து பிழைத்ததை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அறுபதுக்கு மேற்பட்ட படங்கள்! குடை பிடித்த பெண், கண்கட்டி விளையாட்டு, பனிப்புயலில் நடக்கும் ஏழைகள். 1778இல் அவர் கொடுத்த 'குருட்டுக் கிற்றார்க்காரன்' படத்தை நெசவாளர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உருவங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் இதை நெய்ய முடியாது, திருத்தித் தா என்றார்கள். கோயா திருத்தினார். ஆனால் முதலில் இருந்த வடிவத்தைச் செப்புத் தகட்டிலே தனியாகச் செதுக்கி வைத்துக்கொண்டார். நெசவாளிக்கும் ஓவியருக்கும் நடந்த இந்தச் சச்சரவில் இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. தூரிகை ஒரு நொடியில் கலக்கும் நிறத்தை, தறியில் இழை இழையாகத் தேடிக் கோக்க வேண்டும்.

அவற்றில் என்னை விடாமல் தொடரும் படம் 'காயமுற்ற மேசன்', 1786-87இல் வரைந்தது. பின்னால் சாரம் உயர்ந்து நிற்கிறது. விழுந்த ஒருவனை இருவர் தூக்கி வருகிறார்கள். இதே அமைப்பில் கோயா வரைந்த சிறு முன்வரைவொன்று இருக்கிறது. அதிலே தூக்கப்படுபவன் குடித்திருக்கிறான், தூக்குபவர்கள் சிரிக்கிறார்கள். பெரிய படத்தில் சிரிப்பு இல்லை. முகங்களைத் தவிர எதுவும் பெரிதாக மாறவில்லை. இந்தச் சீலை தொங்கவேண்டிய இடம் எது தெரியுமா? எல் பார்தோ அரண்மனையின் உணவு மண்டபம்.

கோயாவையும் நான் தெய்வமாக்க மாட்டேன். 1789இல் அரண்மனை ஓவியர் பதவி கிடைத்ததும் சீலைக்கு மாதிரி வரைவது தம் தகுதிக்குக் குறைவென்று தட்டிக்கழிக்கத் தொடங்கினார். தொழிற்கூட அதிபர் மன்னரிடம் முறையிட்ட பிறகே கடைசித் தொகுதியை வரைந்தார். வைக்கோல் பொம்மையைப் போர்வையில் வைத்து நாலு பெண்கள் மேலே எறிந்து விளையாடும் படம் அதில் ஒன்று. பொம்மையின் தலை தொங்குகிற விதத்தில் வரைந்தவருடைய எரிச்சல் தெரிகிறதென்பது என் ஊகம். இந்த மாதிரிகள் நெய்து முடிந்ததும் சுருட்டப்பட்டு, அரண்மனை நிலவறையிலே பல்லாண்டு மறந்து கிடந்தன. 1870இல்தான் பிராடோவுக்கு வந்து சேர்ந்தன.

வெலாஸ்கெஸின் கடைசி வேலை என்னவென்று சொல்லவில்லையே. 1660 ஜூன் மாதம், பிரான்ஸ் எல்லையிலுள்ள ஆற்றுத் தீவொன்றில் ஸ்பானிய இளவரசியைப் பதினான்காம் லூயி மன்னரிடம் ஒப்படைக்கும் விழா நடந்தது. அரண்மனை அலங்காரப் பொறுப்பாளர் என்ற முறையில் ஸ்பானிய மண்டபத்தை அமைத்து, அதன் சுவர்களில் அரச சித்திரச் சீலைகளைத் தொங்கவிடுவித்தவர் அவரே. களைத்துத் திரும்பினார். ஜூலை கடைசியில் காய்ச்சல் கண்டது. ஆகஸ்ட் 6ஆம் திகதி இறந்தார். சிவப்புச் சிலுவையோடு அடக்கம் செய்தார்கள்.

'நூல் நூற்கும் பெண்கள்' பற்றி இன்னொரு செய்தி உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் யாரோ அந்தப் படத்தைப் பெருப்பித்துவிட்டார்கள். மேலே ஏறத்தாழ அரை மீற்றர் துணியும் பக்கங்களில் சிறிதும் ஒட்டி, உயரமான கூரையும் வளைவும் வரைந்து சேர்த்தார்கள். பழைய புத்தகங்களில் எல்லாம் அந்த வடிவமே இருக்கிறது. 2021இல் பிராடோ நூதனசாலை, ஒட்டிய துணியை வெட்டாமல், அதை மறைக்கும் சட்டகம் ஒன்றைச் செய்து, வெலாஸ்கெஸ் வரைந்த அளவிலே படத்தை மாட்டியது. அதை அறிந்த அன்று என்னிடமுள்ள பழைய புத்தகத்தை எடுத்தேன். வெள்ளைத் தாளை நாலு துண்டாக வெட்டி, படத்தின் மேலும் ஓரங்களிலும் வைத்து மறைத்துப் பார்த்தேன். கூரை போய்விட்டது. நெசவுக்கூடத்தின் விசாலமும் போய்விட்டது. அந்தப் பெண்கள் இரண்டடி கிட்ட வந்துவிட்டார்கள்.